மாடித்தோட்டத்து உரங்கள்: எது உணவு, எது துணை?

வாழைப்பழத் தோல் ஊறிய நீர், முட்டை ஓட்டுத் தூள், பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், புண்ணாக்குக் கரைசல், மக்கு உரம் என வீட்டிலேயே தயாராகும் உரங்களை மாடித்தோட்டக்காரர்கள் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள். அவற்றின் தரம் ஒன்றல்ல. மூன்று கேள்விகளால் அவற்றை எடைபோடலாம். சத்து எவ்வளவு இருக்கிறது? அது வேருக்கு எப்போது கிடைக்கிறது? விளைந்ததை உண்பவருக்குப் பாதுகாப்பானதா?

ஜீவாமிர்தத்திலிருந்து தொடங்கலாம். இயற்கை விவசாய முறையொன்றைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் சொல்லும் அளவு ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண், 200 லிட்டர் நீர். எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் இதிலுள்ள தழைச்சத்து கால் கிலோவைத் தாண்டாது. ஒரு ஏக்கர் நெற்பயிர் எடுத்துக்கொள்வதோ 20, 30 கிலோ. இது உரமல்ல, மண்ணில் இருக்கும் சத்தை எடுத்துக் கொடுக்கும் நுண்ணுயிர்களைப் பெருக்குவது என்பதுதான் பாலேக்கரின் வாதமும். வயலுக்கு அந்த வாதத்தைப் பரிசீலிக்கலாம். அங்கே ஆழமான மண் உண்டு. மாடியிலுள்ள குரோ பேக்கில் இருப்பது சில கிலோ மண்ணும் தேங்காய் நார்க்கழிவும்தான். ஊற்றும் தண்ணீரோடு கரையும் சத்தும் அடித்துளை வழியே வெளியேறிவிடும். சேமிப்பே இல்லாத இடத்தில் நுண்ணுயிர் எதை எடுத்துக் கொடுக்கும்?

கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்துக்கும் இதே வரம்புதான். 10 லிட்டர் நீருக்கு 300 மில்லி கலந்து தெளிப்பது வளர்ச்சி ஊக்கியாகப் பயன்படலாம். அது செடியின் சாப்பாடு ஆகாது. அதற்கு வேண்டிய பாலும் நெய்யும் விலைக்கு வாங்கிச் செய்யும் நகர்ப்புற வீட்டுக்குச் செலவுக்கேற்ற பலன் கிடைப்பது அரிது.

சமையலறைக் கழிவுகளைப் பற்றிய நம்பிக்கைகளும் மிகைதான். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தமிழகத்தில் பரவலாக உள்ள கார மண்ணில் அது கரைவதே இல்லை எனலாம். தக்காளியின் அடி அழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவது. முட்டை ஓட்டைப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. வாழைத்தோல் ஊறிய நீரில் கொஞ்சம் சாம்பல் சத்து வரும், தழைச்சத்து அநேகமாக இருக்காது. அரிசி கழுவிய நீரை ஊற்றுவதால் தீங்கில்லை. அதையே நம்பிக் காய்க்குக் காத்திருப்பதுதான் தவறு.

புண்ணாக்கு வேறு தரம். கடலைப் புண்ணாக்கில் சுமார் 7 சதவீதமும் வேப்பம் புண்ணாக்கில் சுமார் 5 சதவீதமும் தழைச்சத்து உண்டு. மண்புழு உரத்தில் ஒன்றரை சதவீத அளவே இருந்தாலும், மக்கிய உரங்கள் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். எந்தக் கரைசலும் அதைச் செய்யாது. புண்ணாக்கிலும் கவனம் தேவை. ஊறவைத்த கடலைப் புண்ணாக்கைப் பத்து மடங்கு நீர் சேர்க்காமல் ஊற்றினால் வேர் கருகும். தூளாகத் தூவினால் எறும்பும் எலியும் வரும்.

பாதுகாப்பு பற்றிய மூன்றாவது கேள்வியை நம்மில் பலர் கேட்பதே இல்லை. ஜீவாமிர்தம் இரண்டு நாள் நொதித்தால் சாணத்திலுள்ள நோய்க்கிருமிகள் அழிந்துவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளின்படி, உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிருக்கு மக்காத சாணம் இட்டால் அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும். நம் கீரை ஒரு மாதத்திலேயே தட்டுக்கு வந்துவிடுகிறது. பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினா மீது சாணக் கரைசல் தெளிப்பதை நிறுத்துவதே நல்லது.

முடிவாகச் சொல்வது இதுதான். மக்கு உரமே அடிப்படை. புண்ணாக்கு செடியின் உணவு. பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் விருப்பமுள்ளவர்களுக்கு உரிய துணைகள். அவை மட்டும் போதாது. தோலும் ஓடும் காபிச் சக்கையும் நேரே செடித் தொட்டிக்குப் போகாமல் மக்குத் தொட்டிக்குப் போகட்டும். காய்கறிக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு இரண்டு, மூன்று பங்கு போட்டு ஈரம் காயாமல் கிளறிவந்தால், நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் உரம் தயார். புதிய கரைசல் ஒன்றைத் தேடுவதற்கு முன் அந்த மக்குத் தொட்டியை இன்றே வையுங்கள்.