விளக்கு அணைந்த பிறகுதான் கதை

புதிதாக ஒரு குகைத் திரில்லர் வருகிறது என்று அறிவிப்பு வந்தாலே முன்பதிவு செய்துவிடும் கூட்டத்தில் நானும் ஒருவன். பாதிக்கு மேல் ஏமாற்றம்தான். ஆனாலும் அடுத்ததற்குக் காத்திருக்கிறேன் என்றால், குகைக்குள் நடக்கும் கதையைச் சொல்ல சினிமாவைவிட நாவலுக்கே வசதி அதிகம் என்ற நம்பிக்கைதான் காரணம். படம் எடுப்பவர் எங்கிருந்தாவது வெளிச்சத்தைக் கொண்டுவந்தாக வேண்டும். வெறும் கறுப்புத் திரையை இரண்டு நிமிடம் காட்டினால் தியேட்டரில் விசில் பறக்கும். நாவலாசிரியருக்கு அந்தத் தொல்லை இல்லை. விளக்கை அணைத்துவிட்டு ஐம்பது பக்கம் எழுதலாம். காதும் விரல்நுனியும் சிராய்த்த முழங்காலும் போதும். இந்த வசதியை யார் பயன்படுத்திக்கொண்டார்கள், யார் வீணடித்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் இந்த வகை எழுத்தின் வரலாறு ஓரளவு பிடிபட்டுவிடும்.

1864இல் வந்த ஜூல் வெர்னின் 'பூமியின் மையத்துக்குப் பயணம்' நாவலில் ஐஸ்லாந்து எரிமலை வழியாக மூவர் கீழே இறங்குகிறார்கள். கையில் மின்விளக்கு, போதாக்குறைக்கு பாதாளக் கடலுக்கு மேலே தானாக ஒளிரும் வானம். வெர்னுக்கு இருட்டு பிடிக்காது. ஆனால் அவருக்கும் ஓர் இடம் வாய்த்தது. விளக்கு உடைந்து, வழி தவறி, தனியே கிடக்கும் ஆக்சல், மூவரில் ஒருவன், பாறைச்சுவரில் காதை வைக்கிறான். எங்கோ தொலைவிலிருந்து, கூட வந்த மாமாவின் குரல் சுவர் வழியே வருகிறது. குரல் போய்த் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணி, தங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இருவரும் கணக்கிடுகிறார்கள். நாவலில் இருக்கும் அத்தனை விநோத விலங்குகளையும்விட அந்தக் கணக்குதான் எனக்கு மறக்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டு கழித்து மார்க் ட்வைன் செய்தது இன்னும் பெரிய காரியம். 'டாம் சாயர்' சிறுவர் கதை என்று பள்ளி நூலகத்தோடு விட்டுவிடுகிறோம். குகைத் திரில்லருக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. குகைக்குள் வழி தவறிய டாமும் பெக்கியும் கடைசி மெழுகுவர்த்தி உருகி முடிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு பட்ட நூலை ஒரு பாறை முனையில் கட்டி, அதைப் பிடித்தபடி டாம் பக்கவழிகளில் தவழ்கிறான். அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து மெழுகுவர்த்தி பிடித்த ஒரு மனிதக் கை நீள்கிறது. உதவிக்கு வந்த கை இல்லை, கொலைகாரன் இன்ஜன் ஜோவின் கை. சிறுவர்கள் வேறு வழியாகத் தப்பிவிட, இனி யாரும் உள்ளே போய்த் தொலையக் கூடாது என்று ஊர்ப்பெரியவர் குகைவாயிலுக்கு இரும்புத் தகடு அடித்த கதவு போட்டுப் பூட்டுகிறார். உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. கதவைத் திறக்கும்போது ஜோ பிணமாகக் கிடக்கிறான். கத்தியால் வாசற்படிக்கட்டையைக் குடைந்த தடம் இருக்கிறது. மேலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்க அவன் கல்லில் ஒரு குழி செதுக்கியிருக்கிறான். நாளெல்லாம் சொட்டினாலும் ஒரு கரண்டிதான் தேறும். நல்லெண்ணத்தோடு போட்ட பூட்டு ஒருவனைக் கொன்றுவிடுகிறது. இதற்குச் சமமான ஒரு பக்கத்தை எந்தத் திரில்லரிலும் நான் படித்ததில்லை.

இந்தக் கதவு நமக்குப் புதிதல்ல. ராமாயணத்தில் மாயாவி என்ற அசுரனைத் துரத்திக்கொண்டு வாலி பிலத்துக்குள், அதாவது பாதாளக் குகைக்குள், போகிறான். வெளியே காவல் நிற்கிறான் சுக்கிரீவன். மாதங்கள் ஓடுகின்றன. அண்ணன் இறந்தான் என்று நம்பி, பிலவாயிலைக் கல்லால் அடைத்துவிடுகிறார்கள். கிட்கிந்தையின் அத்தனை வினைக்கும் விதை அந்தக் கல்தான். உள்ளே என்ன நடந்தது என்பதை ராமாயணம் பெரிதாகச் சொல்லவில்லை. வெளியே நின்றவனின் சந்தேகம்தான் கதை. உள்ளிருட்டுக்குக் கம்பன் வேறொரு இடம் வைத்திருக்கிறான். சீதையைத் தேடிப் போன வானரர்கள் பிலத்துக்குள் கண் தெரியாமல் தவித்து, அனுமனின் வாலைப் பிடித்துக்கொண்டு நகர்கிறார்கள்.

வெளியே நிற்பவர்களின் கதையாகவே ஒரு குகை விபத்து அமெரிக்காவில் நிஜமாக நடந்தது. 1925 ஜனவரி இறுதியில் கென்டக்கியின் சாண்ட் குகையில், சுற்றுலாப் பயணிகளை இழுக்கப் புதுக் குகை தேடிப்போன ஃபிலாய்ட் காலின்ஸ், குறுகலான பொந்து ஒன்றில் மாட்டிக்கொண்டார். காலைப் பிடித்திருந்த கல் ஏறக்குறைய 12 கிலோ. வெளியே இருந்தால் ஒரு கையால் தூக்கிப் போட்டிருப்பார். ஸ்கீட்ஸ் மில்லர் என்ற நிருபர் ஒல்லியான குள்ள உருவம் என்பதால் அவரிடம் தவழ்ந்து போக முடிந்தது. சோறு ஊட்டினார், பேட்டியும் எடுத்தார். அந்தச் செய்திகளுக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. மேலே பல்லாயிரம் பேர் கூடி, பலூனும் தின்பண்டமும் விற்கும் திருவிழாவே நடந்தது. வழி இடிந்து மூடிக்கொள்ள, பக்கவாட்டில் குழி தோண்டி எட்டியபோது காலின்ஸ் உயிரோடு இல்லை.

இந்தச் சம்பவத்தை அடியொற்றி இரண்டு முக்கியமான படைப்புகள் வந்தன. பில்லி வைல்டரின் 'ஏஸ் இன் தி ஹோல்' (1951) படத்தில் செய்தி நீளட்டும் என்பதற்காக மீட்பை இழுத்தடிக்கும் நிருபராக கிர்க் டக்ளஸ் நடித்தார். ராபர்ட் பென் வாரனின் 'தி கேவ்' (1959) நாவலிலோ உள்ளே சிக்கியவனைவிட வாசலில் கூடிய ஊரைத்தான் அதிகம் பார்க்கிறோம். வாரனின் நாவல் சில இடங்களில் பிரசங்கமாகிவிடுகிறது, அது வேறு விஷயம். ஆனால் குகைக் கதைக்கு இரண்டு களம் உண்டு, உள்ளே ஒன்று வாசலில் ஒன்று என்று காட்டியவர் அவர்.

பின்னால் வந்தவர்களில் பலர் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைப் பிடித்தார்கள். பிராணி. 1999 ஒரே ஆண்டில் ஜெஃப் லாங்கின் 'தி டிசென்ட்', ஜேம்ஸ் ராலின்ஸின் 'சப்டெரேனியன்' இரண்டும் வந்தன. பூமிக்கடியில் ஓர் இனம், ஆயுதம் தாங்கிய குழு, ரத்தம். லாங்குக்கு லட்சியம் பெரிது, ராலின்ஸுக்கு வேகம் பெரிது. பெயர் ஒன்றாக இருந்தாலும் லாங்கின் நாவலுக்குத் தொடர்பில்லாத, நீல் மார்ஷலின் 2005ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். பிராணிகள் வரும் காட்சியைவிட, அதற்கு முன்னால் ஒரு பெண் இடுக்கில் சிக்கி மூச்சுத் திணறும் காட்சிதான் அவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது என்பார்கள். குகையே போதாதென்று நினைக்கும் எழுத்தாளர்தான் பிராணியைக் கூப்பிடுகிறார்.

போதும் என்று நினைத்தவர் நெவாடா பார். தேசியப் பூங்காக் காவலராக வேலை பார்த்தவர். 'பிளைண்ட் டிசென்ட்' (1998) நாவலின் களம் நியூ மெக்ஸிகோவின் லெச்சுகியா குகை. 1986இல்தான் அதன் உட்பகுதிக்கு வழி திறந்தது. இன்று 240 கிலோமீட்டர் அளக்கப்பட்டுள்ளது, பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. 1991இல் அங்கே கால் முறிந்த ஒருவரை வெளியே கொண்டுவர நான்கு நாள் ஆனது. நாவலிலும் அடிபட்ட பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கட்டி இழுத்து வருகிறார்கள். அது விபத்தில்லை, யாரோ வேண்டுமென்றே செய்தது. துப்பறியும் அன்னா பிஜனுக்கோ அடைபட்ட இடம் என்றாலே உயிர் போகும். கொலைகாரரும் அதே கயிற்றில்தான் தொங்கிக்கொண்டு வருகிறார். இதற்கு மேல் என்ன பிராணி வேண்டும்?

சமீபத்தில் வந்தவற்றில் கேட்லின் ஸ்டார்லிங்கின் 'தி லூமினஸ் டெட்' (2019) எனக்கு நெருக்கமானது. வேற்றுக் கிரகம், ஒரே குகை, இரண்டே பேர். இறங்குபவள் கைர். மேலிருந்து அவள் காதில் பேசி இயக்குபவள் எம். கைர் அணிந்திருக்கும் கவச உடையைக் கழற்ற முடியாது, சோறுகூடக் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குப் போகிறது. குகையை அவள் கண்ணால் பார்ப்பதில்லை. ஒலியலை வைத்து உடை வரைந்து காட்டும் படத்தைத்தான் பார்க்கிறாள். அந்தப் படத்தில் எம் கைவைக்க முடியும். வெளிச்சம் இருந்தும் நம்ப முடியாத நிலை இது. இங்கேயும் ஒரு ராட்சசப் பிராணி உண்டு, அது இல்லாமலே நாவல் நின்றிருக்கும்.

தமிழில் ஏன் இப்படி இல்லை என்று கேட்டால் நான் முதலில் மண்ணைத்தான் சொல்வேன். மைல் கணக்கில் நீளும் குகைகள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையில் நீர் அரித்து உண்டாவன. நம் மலைகளோ கெட்டியான கருங்கல் வகை. சித்தன்னவாசல் போல வெயில் எட்டிப்பார்க்கும் பாறை ஒதுங்கிடங்கள்தான் நமக்கு வாய்த்தவை. அதனால் நம் கதைகளில் பயம் நிலவறைக்கும் சுரங்கப்பாதைக்கும் போய்விட்டது. 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் இருட்டில் தடவிக்கொண்டு போவது பொக்கிஷ நிலவறையில். கொடைக்கானலின் குணா குகையும் பாறைப் பிளவுகள்தான். ஆனால் 2006இல் அங்கே குழியில் விழுந்த நண்பனை இன்னொரு நண்பன் கயிற்றில் இறங்கித் தூக்கிய சம்பவம் 'மஞ்ஞுமல் பாய்ஸ்' (2024) ஆனபோது, மலையாளப் படத்துக்குத் தமிழ்நாட்டில் கூட்டம் அலைமோதியது. கேட்பார் இருக்கிறார்கள், எழுதுவார்தான் வரவில்லை.

நிஜமும் எழுத்தாளருக்குப் போட்டியாக நிற்கிறது. 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு சிறுவர்களையும் பயிற்சியாளரையும் மயக்க மருந்து கொடுத்து, நீருக்கடியில் சுமந்து மீட்டார்கள். வழியில் மயக்கம் தெளிந்தால் முக்குளிப்பவரே அடுத்த ஊசியைப் போட வேண்டும். நாவலில் எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று எடிட்டர் அடித்திருப்பார். அதே ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி மேகாலயாவின் க்சான் கிராமத்தில் ஆள் தவழ்ந்தே போகக்கூடிய சட்டவிரோத எலிவளை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 15 தொழிலாளர்கள் சிக்கினார்கள். உலகத் தொலைக்காட்சிகள் அங்கே முகாமிடவில்லை. கடைசியில் கிடைத்தது இரண்டு உடல்கள்தான். ஐந்து ஆண்டு கழித்து உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 பேர் பதினேழு நாள் சிக்கியபோது, துளைக்கும் இயந்திரம் உடைந்துபோக, கடைசிச் சில மீட்டரைக் கையால் தோண்டி வழி திறந்தவர்கள் எலிவளைத் தொழிலாளர்களே.

நான் எதிர்பார்க்கும் அடுத்த நாவல் க்சான் இருக்கும் ஜெயின்டியா மலைப் பக்கம்தான் நடக்க வேண்டும். நாட்டின் மிக நீளமான குகைகளும் அங்கேதான் இருக்கின்றன, கிரெம் லியாட் பிரா மட்டுமே 30 கிலோமீட்டருக்கு மேல். ஒரே மலையில் மேலே குகையாய்வுக் குழு, பக்கத்தில் எலிவளை, வாசலில் மழைக்காலத்தை எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பங்கள். பிராணி வேண்டாம். விளக்கு மட்டும் நூறாவது பக்கத்துக்குள் அணைந்துவிட வேண்டும்.