நோயுற்றோர் பக்கம் திரும்பிய குரல்: ‘டெத்’ குழுவின் ‘ஹியூமன்’ பற்றி ஒரு திறனாய்வு

தனக்குத் தானே ‘மரணம்’ என்று பெயரிட்டுக்கொண்ட ஓர் இசைக்குழுவைப் பற்றி இவ்விதழில் எழுதுவது தகுமோ என வாசகருள் சிலர் ஐயுறலாம். நம் சபைகளின் வாலிபர் கூட்டங்களில் இவ்வகை இசை பேசப்படும்போதெல்லாம் அது எச்சரிக்கையாகவே பேசப்படுகிறது. அவ்வெச்சரிக்கையை விடுப்போருள் மிகப் பலர் அதில் ஒரு பாட்டையேனும் முடிவு வரை கேட்டவரல்லர். கேளாமல் தீர்ப்புக் கூறுவது நீதியன்று. எனவே அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் தோன்றிய ‘டெத்’ குழுவின் வரலாற்றில் 1990, 1991 ஆகிய ஈராண்டுகளில் நேர்ந்த மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மாற்றத்தினின்று பிறந்த ‘ஹியூமன்’ என்னும் இசைத்தொகுப்பை ஆராய முற்படுகிறோம். ‘மானிடர்’ என்பது அப்பெயரின் பொருள்.

டெத் மெட்டல் என வழங்கும் இவ்விசை கேட்பதற்கு எளிதன்று. கிட்டாரின் நரம்புகள் வழக்கமான சுருதிக்குக் கீழே தாழ்த்தப்படுகின்றன. முரசுகள் இரு கால்களாலும் இடைவிடாது அறையப்படுகின்றன. பாடுவோன் பாடுவதில்லை, அடித்தொண்டையினின்று உறுமுகிறான். முதியோர் ஓய்வு நாடிச் செல்லும் வெயில் நிலமாகிய புளோரிடா இதற்குத் தாயகமானது வியப்பே. தம்பா நகரின் மாரிசவுண்டு ஒலிப்பதிவுக் கூடமும், அங்குப் பணியாற்றிய ஸ்காட் பர்ன்ஸ் என்னும் ஒலிப்பதிவாளரும் இவ்வட்டாரத்துக் குழுக்கள் பலவற்றுக்கு ஒரு பொது ஓசையை அளித்தனர். அதே கூடத்தில் பதிவு செய்த ‘டிஅசைடு’ குழுவின் தலைவர் தம் நெற்றியில் தலைகீழ்ச் சிலுவையைச் சூடிட்டுக்கொண்டவர். ஆயர்கள் அஞ்சுவது இத்தகையோரை நினைத்தே. ஆனால் ஒரே கூடத்தில் பதிவு செய்தோர் அனைவரும் ஒரே ஆவியை உடையவர் எனக் கொள்வது, ஒரே அச்சகத்தில் அச்சான நூல்களெல்லாம் ஒரே கொள்கையுடையன என்பதை ஒக்கும். ‘டெத்’ குழுவின் பெயர் இலச்சினையில் தொடக்கத்தில் ஓர் எழுத்து தலைகீழ்ச் சிலுவையாக வரையப்பட்டிருந்தது உண்மை. பின்னாளில் அது நீக்கப்பட்டு எளிய எழுத்தாக்கப்பட்டது என்பதும் உண்மை.

இக்குழுவின் உயிர்நாடியாக விளங்கியவர் சக் ஷுல்டினர். 1967-இல் பிறந்தவர். இவருடைய மூத்த சகோதரர் இளமையிலேயே இறந்தபோது இவர் ஒன்பது வயதுச் சிறுவர். அத்துயரை ஆற்றும்பொருட்டே பெற்றோர் இவருக்கு ஒரு கிட்டாரை வாங்கிக் கொடுத்தனர் என்பர். 1983-இல் ‘மாண்டஸ்’ என்ற பெயரில் தோன்றிய குழு அடுத்த ஆண்டில் ‘டெத்’ ஆயிற்று. 1987-இல் வெளிவந்த முதல் தொகுப்பு திகில் திரைப்படங்களின் குருதிக் காட்சிகளைப் பாட்டாக்கியது; அதில் சிறுபிள்ளைத்தனமே மிகுதி, நாம் அதனைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை.

1988-இல் வந்த ‘லெப்ரசி’ நம் கவனத்திற்குரியது. குஷ்டம் என்பது திருமறை வாசகருக்கு வெற்றுச் சொல்லன்று. லேவியராகமம் 13-ஆம் அதிகாரம் நோயாளியைப் பாளயத்திற்குப் புறம்பே நிறுத்துகிறது. மாற்கு முதலாம் அதிகாரத்திலோ ஆண்டவர் கை நீட்டி அவனைத் தொடுகிறார். இவ்விசைத்தட்டு எங்கு நிற்கிறது? பாளயத்திற்கு உள்ளே, வேலியோரமாக நின்றுகொண்டு, புறம்பே நிற்பவனின் அழுகும் உடலை வேடிக்கை பார்க்கிறது. அதில் இரக்கம் சிறிதும் இல்லை என நாம் கூறவில்லை. கருவிகளால் உயிர் தாங்கி நிற்கும் நோயாளி ஒருவன் தன்னை விட்டுவிடும்படி கேட்கும் பாட்டு ஒன்று அதிலேயே உண்டு. அங்கே முதன்முறையாக நோயாளி தானே பேசுகிறான். ஆனால் அது ஒரு பாட்டு மட்டுமே.

1990-இல் வெளியான ‘ஸ்பிரிச்சுவல் ஹீலிங்’ நம்மை நேரடியாகத் தொடுகிறது. ‘ஆவிக்குரிய சுகமளித்தல்’ என்பது அதன் பெயர். எட்வர்டு ரெப்கா தீட்டிய மேலுறையில் போதகர் ஒருவர் நோயாளியின் தலைமீது கைவைத்து முழங்குகிறார். அக்காலத்து அமெரிக்கச் சபைகளின் நிலையை நினைவுகூர்ந்தால் இவ்வோவியத்தின் கூர்மை விளங்கும். தொலைக்காட்சிச் சுவிசேஷகர் ஜிம் பேக்கர் 1987-இல் தம் ஊழியப் பொறுப்பைத் துறந்து, 1989-இல் மோசடிக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றார். ஜிம்மி ஸ்வாகர்ட் 1988-இல் திரளானோர் முன் கண்ணீருடன் தம் பாவத்தை அறிக்கையிட்டார். சுகத்தை விலைபேசுவோர்மீது அவ்விளைஞர்கள் தொடுத்த குற்றச்சாட்டு சபைப் பகையினின்று பிறந்ததெனக் கூறித் தப்பிக்கொள்ள நமக்கு வழியில்லை. எரேமியா தம் காலத்துத் தீர்க்கதரிசிகளைக் கடிந்தது இதே காரணத்திற்காக அன்றோ? நம் ஊர்களிலும் பெருவிழாப் பந்தல்களில் ஊன்றுகோல்கள் மேடைமீது காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அவ்வூன்றுகோல்களுக்கு உரியவர் மறுநாள் எவ்வாறு நடந்தனர் என்பதை விசாரிக்கும் ஆயர் எத்தனை பேர்?

எனினும் திறனாய்வாளர் என்ற முறையில் ஒரு குறையைச் சுட்டியாக வேண்டும். அத்தொகுப்பில் குற்றஞ்சாட்டும் குரல் ஓங்கி ஒலிக்க, குற்றத்திற்கு இரையானவரின் குரல் அடங்கிவிடுகிறது. தாயின் கொக்கெயின் பழக்கத்தால் ஊனத்துடன் பிறந்த குழந்தையைப் பற்றிய பாட்டிலும், தாயின்மேல் எழும் சினமே மேலோங்குகிறது. சினம் நியாயமானதுதான். ஆனால் அது பிரசங்க மேடையின் சினம். நாம் நன்கறிந்தது, நாமே பலமுறை செய்வது.

இந்நிலையில்தான் குழு உடைந்தது. இத்தொகுப்பில் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் மர்ஃபி விலகி வேறொரு குழுவிற் சேர்ந்தார். 1990-இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் ஒன்று சரிவர ஒழுங்கு செய்யப்படவில்லை எனக் கூறி ஷுல்டினர் செல்ல மறுத்தார். பாஸ் கிட்டார் வாசித்த டெரி பட்லரும் முரசறைந்த பில் ஆண்ட்ரூசும் அவரின்றியே, வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு, ‘டெத்’ என்னும் அதே பெயரில் சென்றுவந்தனர். தலையில்லா உடல் மேடையேறிற்று எனலாம். திரும்பியபின் அவ்விருவரும் நீக்கப்பட்டனர். அதன்பின் ஷுல்டினர் நிலையான குழு ஒன்றை நாடாமல், ஒவ்வொரு தொகுப்புக்கும் ஏற்ற கலைஞரை அழைத்துக்கொள்ளும் வழக்கத்தை மேற்கொண்டார்.

புதிதாக வந்தோர் மூவர். பால் மாஸ்விடலும் ஷான் ரைனர்ட்டும் மயாமி நகரின் ‘சினிக்’ குழுவினர். ஜாஸ் இசையின் நுட்பங்களில் தோய்ந்த இளைஞர். ஸ்டீவ் டிஜார்ஜியோ கலிபோர்னியாவின் ‘சேடஸ்’ குழுவினின்று வந்த பாஸ் கிட்டார் கலைஞர். 1991 அக்டோபரில் எட்டு உருப்படிகளுடன் வெளியான ‘ஹியூமன்’, முன்னைய தொகுப்பினின்று எவ்வளவு விலகியது என்பதை முதல் நிமிடத்திலேயே கேட்போர் உணர்வர். ரைனர்ட்டின் முரசு முதலில் தொலைவில் உருண்டு வந்து, பின் முழுவிசையுடன் பாட்டினுள் நுழைகிறது. முன்பு ஒரே தாளத்தில் அறைந்துகொண்டிருந்த இசை இப்பொழுது நடை மாறுகிறது, தயங்குகிறது, திரும்பிப் பார்க்கிறது. வேகத்தைக் காட்டிலும் நிறுத்தங்களே இத்தொகுப்பின் பெருமை. சொல்லே இல்லாத ‘காஸ்மிக் சீ’ என்னும் கருவியிசை உருப்படி, இவ்வகைத் தொகுப்பொன்றில் எவரும் எதிர்பாராத அமைதியை அளிக்கிறது.

பொருளிலும் மாற்றம் புலப்படுகிறது. ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் பற்றி ஒரு பாட்டு. பார்வையற்றோரின் உள்ளுலகைப் பற்றி மற்றொன்று. மாளும் நோயாளியின் முடிவைத் தீர்மானிப்பவர் எவர் என வினவும் ‘சூயிசைடு மெஷின்’ இன்னொன்று. மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவர் ஜாக் கெவோர்க்கியன் 1990 ஜூன் மாதம் நோயாளி ஒருவர் தம் உயிரை முடித்துக்கொள்ளக் கருவியமைத்து உதவியதை ஒட்டி அந்நாடு முழுவதும் வாதிட்ட காலம் அது. இப்பாட்டு எடுக்கும் முடிவோடு நாம் உடன்பட இயலாது. உயிர் அளிக்கப்பட்டது, நாம் ஈட்டியதன்று என்னும் அறிக்கையை நாம் கைவிடுவதற்கில்லை. ஆனால் வேதனையுறுவோனைச் சூழ நின்று, அவனைக் கேளாமலே முடிவெடுக்கும் கூட்டத்தின்மீது அது காட்டும் கோபத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியுமா? யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாது அமர்ந்திருந்தபொழுது நல்ல ஆயராகவே இருந்தனர். வாய்திறந்த பின்னரே கெட்டனர். ‘லெப்ரசி’யில் பார்வைப் பொருளாக நின்றவன் ‘ஹியூமன்’ தொகுப்பில் பார்ப்பவனாக, பேசுபவனாக மாறுகிறான். இம்மாற்றமே இத்தொகுப்பின் இறையியல் முக்கியத்துவம் எனக் கருதுகிறோம்.

இங்கே பவுல் டில்லிக் நினைவுக்கு வருகிறார். பிக்காசோவின் ‘குவர்னிக்கா’ ஓவியத்தில் கிறிஸ்துவின் உருவமோ பக்திச் சின்னமோ இல்லை. சிதறிய உடல்களும் அலறும் வாய்களுமே உண்டு. ஆயினும் மானிட நிலையின் பிளவை மூடி மறைக்காமையால் அதனைப் புரொட்டஸ்டண்டு கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அவர் கொண்டார். இனிமை பூசிய பக்திப் படங்கள் அவருக்கு உவப்பாயிருந்ததில்லை. அவ்வளவுகோலை இங்கு அப்படியே பொருத்திவிட நாம் துணியவில்லை. குவர்னிக்கா ஒரு நகரம் அழிந்ததன் சாட்சி, இதுவோ வாலிபர் நால்வரின் முயற்சி. ஆனால் சங்கீதம் 88 இருளிலேயே முடிவதைப் படித்துவிட்டு, அதற்கொரு நம்பிக்கை வாக்கியத்தை நாமாகச் சேர்த்துப் பிரசங்கிக்கும் வழக்கமுடைய நமக்கு, இருளை இருளாகவே விட்டுவைக்கும் துணிவை இக்குழுவினர் நினைவூட்டுகின்றனர். இழவு வீட்டில் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. ஞானப்பாட்டு மட்டுமே இழவு வீட்டிற்குத் தக்கதென நமக்குக் கற்பிக்கப்பட்ட பின்னரே இது அந்நியமாயிற்று.

எதிர்ப்பக்கத்தையும் கூற வேண்டும். இக்குரல் விளங்குவதில்லை. பவுல் அடிகள் 1 கொரிந்தியர் 14-இல் விளங்காத எக்காளத்தைப் பற்றிக் கூறுவது இவ்வுறுமலுக்கும் பொருந்தும். நோயுற்றோருக்காகப் பேசுகிறோம் என்போர், நோயுற்றோரின் தாய்க்கு விளங்காத குரலில் பேசுவானேன்? உறையினுள் அச்சிட்ட பாடல் தாளே இங்கு மொழிபெயர்ப்பவனாகிறது. அத்தாள் கையில் இல்லாதவனுக்கு ஓசை மட்டுமே மிஞ்சும். இவ்வுறுமல் வேதனையின் இயல்பான ஒலி என்று சிலர் வாதிடுவர். ஓரளவே இதனை ஏற்கிறோம். வேதனை உறுமுவதுண்டு, ஆனால் முப்பது நிமிடம் ஒரே சுருதியில் உறுமுவதில்லை.

இரண்டாவது குறை இதனினும் கடினமானது. மானிடரைப் பற்றிப் பாடிய இத்தொகுப்பு, உடன் உழைத்தோரை நீக்கிய பின்னரே பிறந்தது. நீக்கியது தகாதெனக் கூறவில்லை. தலைவனின்றி அவன் பெயரை எடுத்துச் சென்றது முறையன்று. ஆனால் அதன்பின் ‘டெத்’ என்பது ஒரு மனிதனின் பெயராகவும், ஏனையோர் கூலிக்கு வந்து செல்வோராகவும் ஆயினர். அவர்கள் மிகச் சிறந்த கூலியாட்கள். கலை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. அவயவங்கள் பல, உடல் ஒன்று என ஞாயிறுதோறும் கூறும் நாம் இதைக் கண்டு எளிதில் நகைக்கவும் முடியாது. பாடகர் குழுவும் கமிட்டியும் பிளவுபட்டு, பெயர்ப் பலகைக்காக வழக்காடும் சபைகள் நமக்குத் தெரியாதவையல்ல. வந்தோர் தம் பணி முடிந்ததும் தம் குழுவிற்கே திரும்பினர். மாஸ்விடலும் ரைனர்ட்டும் 1993-இல் ‘ஃபோகஸ்’ தொகுப்பை வெளியிட்டனர். நீக்கப்பட்ட பட்லரும் ஆண்ட்ரூசும் ‘மாசக்கர்’ குழுவில், முன்பு ‘டெத்’ குழுவினின்று சென்ற பழைய தோழருடனேயே சேர்ந்து 1991-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டனர். அது ‘ஹியூமன்’ போன்று உயர்ந்ததன்று. ஆனால் அதில் ஒரு தோழமை கேட்கிறது.

ஷுல்டினர் 1999-இல், தம் 32-ஆம் பிறந்தநாளன்று, மூளைத்தண்டில் கட்டி உள்ளதென அறிந்தார். மருத்துவச் செலவு குடும்பத்தின் ஆற்றலுக்கு மிஞ்சியது. இசைக்குழுக்களும் கேட்போரும் நிதி திரட்டினர். பிறர் படுக்கையைப் பற்றிப் பாடியவர் அப்படுக்கையிலேயே கிடந்து, 2001 டிசம்பர் 13 அன்று மறைந்தார். ஆயர்கள் கைவிட்டுவிட்ட அவ்வட்டத்து இளைஞர்கள் அவருக்காகக் காணிக்கை எடுத்தனர் என்பதை மட்டும் இங்குக் குறித்து வைக்கிறோம்.

கேட்க விரும்பும் மாணவர்க்கு ஒரு சொல். 1991-ஆம் ஆண்டுப் பதிப்பில் டிஜார்ஜியோவின் பாஸ் கிட்டார் ஏனைய ஓசைகளுக்குள் புதையுண்டு ஏறத்தாழக் கேளாமலே போயிற்று. 2011-இல் ஜிம் மாரிஸ் ஒலிக்கலவையைப் புதிதாக அமைத்தபொழுதுதான் அது வெளிப்பட்டது. பழைய பதிப்பின் முரட்டுத்தன்மையே நமக்குப் பிடித்தமானது. ஆயினும் புதியதையே முதலில் கேட்குமாறு கூறுவோம். இருபது ஆண்டுகள் கேளாதிருந்த அக்கலைஞர் ‘சூயிசைடு மெஷின்’ பாட்டின் அடியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அதில்தான் தெரிகிறது.