நீக்கலும் முடக்கலும்: திறன்பேசிகளில் முன்நிறுவப்பட்ட செயலிகளும் பயனர் உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் விற்கும் திறன்பேசிகளில் வாங்குவோர் கேளாமலே பல செயலிகள் இடம்பெறுகின்றன. இவற்றைப் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் நினைவக இழப்பையே குறையாகச் சுட்டுகின்றன. அதனினும் அடிப்படையானது உடைமை பற்றிய வினா என்பதை ‘நீக்கல்’, ‘முடக்கல்’ என்னும் இரு சொற்களின் வேறுபாட்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திறன்பேசி, முன்நிறுவல், தொலைத்தொடர்பு நிறுவனம், உடைமை, பயனர் உரிமை

முன்னுரை

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவர் அதில் வேண்டாததை அகற்றலாம் என்பது உடைமையின் இயல்பான பொருள். திறன்பேசி இவ்வியல்பிலிருந்து விலகி நிற்கிறது. கருவி வாங்கியவருடையது, அதன் மென்பொருளில் ஒரு பகுதியோ விற்றவரின் கட்டுப்பாட்டில் தொடர்கிறது. இம்முரணைத் தொழில்நுட்பக் குறையாக மட்டும் காண்பது போதாது.

இரு சொற்கள்

ஆண்ட்ராய்டு திறன்பேசியின் தமிழ் இடைமுகத்தில், பயனர் தாமே பதிவிறக்கிய செயலிக்கு ‘நிறுவல் நீக்கு’ என்னும் தெரிவு கிடைக்கிறது. முன்நிறுவப்பட்ட பல செயலிகளுக்கு ‘முடக்கு’ என்பது மட்டுமே கிடைக்கிறது. இவ்வசதியும் 2011இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.0 பதிப்பில்தான் வந்தது.

கருவியின் சேமிப்பகத்தில் இயங்குதளத்திற்குரிய பகுதி வேறு, பயனருக்குரிய பகுதி வேறு. இயங்குதளப் பகுதியைப் பயனர் படிக்கலாமேயன்றி மாற்ற இயலாது. அங்கு வைக்கப்பட்ட செயலியை முடக்கினால் அது இயங்காது, திரையிலிருந்து மறையும். ஆனால் அதன் கோப்பு அங்கேயே இருக்கும். கருவியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைத்தால் செயலி மீண்டும் தோன்றும். எனவே முடக்கல் என்பது வெளியேற்றம் அன்று, ஒளித்துவைத்தலே எனலாம்.

நிறுவனங்களின் வாதம்

ஆண்ட்ராய்டு திறந்தநிலை இயங்குதளம் ஆதலால், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தமக்கெனத் தனிப் பதிப்புகளை உற்பத்தியாளரிடம் கேட்டுப் பெற முடிந்தது. 2007இல் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி வழியாக விற்கப்பட்ட முதல் ஐபோனில் அந்நிறுவனத்தின் செயலியோ இலச்சினையோ இடம்பெறவில்லை. ஆகவே முன்நிறுவல் தொழில்நுட்பத்தின் தேவையன்று. உற்பத்தியாளருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் இடையிலான பேரத்தின் விளைவு என்பது புலனாகிறது.

இரண்டாண்டு ஒப்பந்தத்தின்பேரில் குறைந்த விலைக்குக் கருவி தரப்பட்டமையால், அதற்கு ஈடாகவே செயலிகள் வைக்கப்பட்டன என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது. எனினும் ஒப்பந்தம் முடிந்து கருவி முழுமையாக வாங்கியவருக்கு உரியதான பின்னும் செயலிகள் அகலவில்லை. மேலும் 2013இல் டி-மொபைல் இச்சலுகை முறையைக் கைவிட்டது. பிற பெருநிறுவனங்களும் அடுத்த சில ஆண்டுகளில் அவ்வழி சென்றன. வாங்குவோர் முழுவிலையைத் தவணையில் செலுத்தத் தொடங்கினர். ஈடு மறைந்தது, செயலிகள் நிலைத்தன. இதனால் அவ்வாதம் வலுவிழக்கிறது.

கண்ணுக்குப் புலப்படாத செயலி

திரையில் தெரியும் செயலியையேனும் பயனர் அறிவார். 2011 நவம்பரில் ட்ரெவர் எக்கார்ட் என்னும் ஆய்வாளர் ‘கேரியர் ஐக்யூ’ என்ற மென்பொருளைப் பற்றி வெளியிட்ட செய்திகள் இதனினும் ஆழமான சிக்கலை உணர்த்தின. கருவியின் செயல்பாட்டுத் தரவுகளைத் திரட்டிய அது, பல கருவிகளில் பயனருக்குத் தெரியாமலே இயங்கியது. அதை நிறுத்தும் வழியும் பயனரிடம் இல்லை. வலையமைப்பின் தரத்தை மேம்படுத்தவே அது பயன்படுகிறது என நிறுவனங்கள் விளக்கின. மேலவை உறுப்பினர் ஆல் ஃபிராங்கன் கேட்ட வினாக்களுக்கு அளித்த விடையில், தன் வாடிக்கையாளர்களின் 2.6 கோடிக் கருவிகளில் அம்மென்பொருள் இருப்பதாக ஸ்பிரிண்ட் நிறுவனம் தெரிவித்தது. நோக்கம் நன்றாயினும் பயனரின் ஒப்புதல் பொருளற்றுப்போனதே இங்குக் கருதத்தக்கது. இருப்பதே தெரியாத ஒன்றை நீக்கக் கோருவது எங்ஙனம்?

சட்டத்தின் பார்வை

தென்கொரிய அரசு 2014 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இச்சிக்கலை நேராக அணுகியது. முன்நிறுவப்பட்ட செயலிகளை அது இன்றியமையாதவை, தெரிவுக்குரியவை என இரண்டாகப் பகுத்து, பின்னவற்றைப் பயனர் நீக்க வழிசெய்யுமாறு கூறியது.

இந்தியாவில் இவ்வினா தொலைத்தொடர்பு நிறுவனங்களை அன்றி, இயங்குதள உரிமையாளரான கூகுளை முன்வைத்து எழுந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன் முன்நிறுவல் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கலாகாது என்றும் பணித்தது. 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் நீக்கல் குறித்த பணிப்பு உள்ளிட்ட நான்கினை விலக்கியது. சந்தைக்கு நேர்ந்த தீங்குக்குத் தண்டனை நின்றது; வாங்கியவரின் நீக்கும் உரிமை நிற்கவில்லை. போட்டிச் சட்டம் நிறுவனங்களுக்கு இடையிலான நேர்மையை அளப்பதற்கு எழுந்தது. அதைக்கொண்டு உடைமையுரிமையைக் காக்க முனைவதன் எல்லையை இத்தீர்ப்பு காட்டுகிறது.

முடிவுரை

முன்நிறுவப்பட்ட செயலிகளை ‘இடத்தை அடைப்பவை’ என்று மட்டும் குறைகூறினால், சேமிப்பகம் பெருகப்பெருக அக்குறையும் நீர்த்துப்போகும். ‘என் கருவியில் எது இருக்கவேண்டும் என்பதை யார் முடிவுசெய்வது?’ என்னும் வினா அவ்வாறு நீர்த்துப்போகாது. கருவியின் அடிப்படை இயக்கத்திற்குத் தேவையானவை தவிர ஏனையவற்றை முழுமையாக நீக்கும் உரிமை, நுகர்வோர் சட்டத்திலேயே இடம்பெறுதல் வேண்டும். முடக்கும் வசதியை அவ்வுரிமைக்கு நிகராகக் கொள்ளுதல் பொருந்தாது.