கோவளத்தை மேற்கிலிருந்து பாருங்கள்

நாவலூர்க்காரர்கள் கோவளத்துக்கு ஈசிஆர் வழியாகப் போகாதீர்கள். அந்தச் சாலை நேராகக் கடற்கரையில் கொண்டுபோய் விட்டுவிடும். ஊர் ஏன் அங்கே அமைந்தது என்பது தெரியாமலே திரும்பிவிடுவீர்கள். ஓஎம்ஆரில் தெற்கே போய், கேளம்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்புங்கள்.

கொஞ்ச தூரத்தில் உப்பளப் பாத்திகளும் விரிந்த கழிமுக நீரும் வந்துவிடும். வண்டியை ஓரங்கட்டி நின்று பாருங்கள். சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணையில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, நாவலூருக்குக் கிழக்கே ஓடி, இங்கேதான் கடலைத் தேடுகிறது. உங்கள் தெருவில் பெய்த மழையும் அதில் இருக்கலாம்.

அடுத்து முகத்துவாரம். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை மீனவர்கள் 'தெண்டி' என்பார்கள். எதிர்த்திசையில் ஓடுவது 'வன்னி'. அலையும் நீரோட்டமும் தள்ளிவரும் மணல், கோடையில் முகத்துவாரத்தை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அதை உடைக்கும். அதனால் சித்திரையில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை என்று பார்த்தால்தான் இந்த இடம் பிடிபடும்.

இந்த மணலும் அலையும்தான் ஊரின் சரித்திரத்தையும் தீர்மானித்தன என்பது என் எண்ணம். 18ஆம் நூற்றாண்டில் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பெயரால் இது சாதத் பந்தர், அதாவது சாதத்தின் துறைமுகம். ஆஸ்திரியாவை ஆண்ட புனித ரோமப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722இல் உரிமை தந்த ஆஸ்டெண்ட் கம்பெனி இங்கே வணிகம் செய்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1752இல் ஆங்கிலேயரான ராபர்ட் கிளைவ் இங்கிருந்த கோட்டையைப் பிடித்தார், அது தகர்க்கப்பட்டது.

அதே சார்லஸ் 1719இல் ஏட்ரியாடிக் கரையிலுள்ள ட்ரியஸ்தேயைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தார். அது மத்திய தரைக்கடல் வணிகத்தின் பெருநகரமாக வளர்ந்தது. கோவளம் மீனவ ஊராகவே நின்றது. அரசியலும் போரும் காரணம்தான். ஆனால் ட்ரியஸ்தேக்கு வளைகுடாவின் ஆழமான நீர் இருந்தது. சோழமண்டலக் கரையிலோ கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட வேண்டும்; சரக்கைப் படகில் ஏற்றி, உடையும் அலைகளைத் தாண்டிக் கரைசேர்க்க வேண்டும். அந்த அலையைக் கோவளம் கடற்கரையில் நின்று எண்ணிப் பாருங்கள். கப்பலுக்குப் பகையாயிருந்த அதே அலையில்தான் இன்று மீனவ இளைஞர்கள் பலகையேறிச் சறுக்குகிறார்கள். அலைச்சறுக்குப் பள்ளியும் நடத்துகிறார்கள்.

ஊருக்குள் தமீம் அன்சாரி தர்காவையும் கார்மேல் மாதா கோயிலையும் நடந்தே பாருங்கள். கடல்வழி வந்த மதங்கள் இந்தக் கரையில் எவ்வளவு நெருங்கி வாழ்கின்றன என்பது அந்த நடையில் தெரியும்.

காலையில் படகுகள் கரையேறும் நேரமே நல்ல நேரம். கடலைப் பற்றி மீனவர்களிடம் கேளுங்கள். தூய்மையான கடற்கரை என்று 2021இல் கிடைத்த நீலக்கொடிச் சான்றிதழைவிட அவர்கள் சொல்வது இந்தக் கரையை அதிகம் புரியவைக்கும்.