யாருக்காகக் கேட்கிறது திருச்சபை?

தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை. சபாவிலும் சரவாக்கிலும் உண்டு, பினாங்கில் கிடையாது. ஜார்ஜ்டவுன் பினாங்கு ரோட்டிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்துக்குப் பிற்பகல் வழிபாட்டுக்கு வர வேண்டுமானால், வேலைக்குப் போகிறவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் அன்று விடுமுறை. அதனால் அவ்விரு நாட்டுக் கத்தோலிக்கரையும் இங்கிருந்து கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்போம். 2019ஆம் ஆண்டின் புனித வாரத்துக்குப் பிறகு அந்தப் பொறாமைக்கு இடமில்லை.

அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 18இல் வந்தது. அன்று பெரிய வியாழன். மாலையில் பாதம் கழுவும் சடங்கு, அதன்பின் நள்ளிரவுவரை ஆராதனை. கோயில் வளாகத்துப் பள்ளிக்கூடங்களோ பல ஊர்களில் வாக்குச்சாவடிகள். தேதியை மாற்றக் கேட்டு ஆயர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம்வரை போயிற்று, பலிக்கவில்லை. அதே நாளில் சித்திரைத் திருவிழா நடந்த மதுரைக்கு மட்டும் வாக்குப்பதிவு இரவு எட்டு மணிவரை நீட்டிக்கப்பட்டது. மற்ற ஊர்க் கத்தோலிக்கர் பகலில் ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு மாலைப் பூசைக்குப் போனார்கள். அது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை. நீதிமன்றப் படியேற இதைவிடப் பெரிய காரணங்கள் இருந்தன என்பது என் எண்ணம்.

இந்திய ஆயர்களின் வழக்கமான கருவி சுற்றுமடல். தேர்தல் வந்தால் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள், அரசியலமைப்பை மதிப்பவரைத் தேர்ந்தெடுங்கள் என்று எழுதுவார்கள். கட்சிப் பெயர் இராது. 2018 மே மாதம் டெல்லிப் பேராயர் அனில் கூட்டோ நாட்டுக்காக வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்து செபிக்கச் சொன்னார். அதற்கே ஆளுங்கட்சிக்காரர்கள் கொதித்தார்கள்.

சுற்றுமடலைத் தாண்டிப் போனவர்களும் இருக்கிறார்கள். 2011இல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன் போட்ட பந்தலில்தான் கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டம் நடந்தது. மீனவப் பெண்கள் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குருவான ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக அடைபட்டிருந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்குப் போட்டவர். அவர்கள் கோயிலுக்கு வருகிறவர்களா என்று பார்த்து அவர் போடவில்லை. 2020 அக்டோபரில், 83 வயதில், அவரையே கைது செய்தார்கள். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கித் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. பதில் சொல்ல விசாரணை முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே காலமானார்.

இலங்கையில் நிலைமை வேறு. தமிழ்நாடு ஓட்டுப் போட்டு மூன்றாம் நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் இறந்தனர். பழிவாங்கப் புறப்படாதபடி தம் மக்களைத் தடுத்தவர் கர்தினால் மல்கம் ரஞ்சித். பிறகு அவர் அரசை விடவில்லை. கறுப்பு ஞாயிறு, கறுப்புக் கொடி என்று தொடர்ந்து, 2022 மார்ச்சில் ஜெனீவா மனித உரிமைப் பேரவைக்கே போய்ச் சர்வதேச உதவி கேட்டார். 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டுமென்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்திய ஆயர்கள் எவரும் அரசை இப்படி விரட்டிப் பிடித்ததில்லை.

ஆனால் அதே ஜெனீவாவில், பத்தாண்டுக்கு முன், 2012இல், இலங்கைப் போர் பற்றிய தீர்மானம் வந்தபோது கர்தினால் அதை எதிர்த்தார். மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகையும் வடக்கின் குருக்களும் ஆதரித்துக் கடிதம் எழுதினர். முந்தைய ஆண்டு ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் மன்னார் ஆயர் ஒரு கழித்தல் கணக்கு வைத்திருந்தார். 2008 அக்டோபரில் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகப் பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுக்குள் வந்ததாகப் பதிவானவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே? அவர்கள் கத்தோலிக்கரா சைவரா என்று அந்தக் கணக்கில் ஒரு பிரிவும் இல்லை. பதிலுக்குக் குற்றப் புலனாய்வுத் துறையினர் அவரைத்தான் விசாரிக்க வந்தார்கள். 2021 ஏப்ரலில் அவர் கண்மூடும்வரை விடை வரவில்லை.

கொழும்புக் கர்தினாலின் குரலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது பிந்தி வந்தது என்கிறேன். தன் பிள்ளைகளுக்காக நீதி கேட்பது இயல்பு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகவும் கேட்கும்போதுதான் அது குடிமைக் கடமை ஆகிறது. சட்டம் எவ்வளவு இடம் தருகிறது, நாட்டில் நம் தொகை எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு.

நம் கணக்குக்கு வருவோம். மலேசியத் திருச்சபை 'அல்லாஹ்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதற்காக, ஹெரால்ட் வார இதழின் பெயரில், 2014இல் கூட்டரசு நீதிமன்றம் கைவிரிக்கும்வரை வழக்காடியது. நம் உரிமைக்கான வழக்கு, நியாயமான வழக்கு. ஆனால் பினாங்கு மறைமாவட்டம் பினாங்கோடு முடிவதில்லை. பெர்லிசும் அதில் அடக்கம். அந்த பெர்லிசில்தான் 2016 நவம்பரில் அம்ரி சே மாட் என்ற முஸ்லிம் சமூகப் பணியாளர் கடத்தப்பட்டார். மூன்று மாதம் கழித்துப் பெட்டாலிங் ஜெயாவில் கிறிஸ்தவப் போதகர் ரேமண்ட் கோ கடத்தப்பட்டார். இரண்டிலும் காவல்துறையின் சிறப்புப் பிரிவுக்குக் கை இருப்பதாக மனித உரிமை ஆணையம் சுஹாகாம் 2019 ஏப்ரலில் அறிவித்தது.

ஞாயிறு மன்றாட்டை எழுதும் பங்குப் பேரவை அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: போதகர் பெயரை எழுதும் வரியிலேயே அம்ரியின் பெயரையும் எழுதுங்கள்.