கோட்டை விழ இருந்த கணம்: ராஜேந்திர சோழன் கேம்பைன் எப்படி?

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' 1999-இல் வந்த கேம். 2019-இல் அதைப் புதுப்பித்து 'டெஃபினிட்டிவ் எடிஷன்' வெளியிட்டார்கள். 2022 ஏப்ரலில் அதற்குக் கூடுதலாக 'டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா' வந்தது. அதுவரை 'இந்தியர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததைப் பிரித்து ஹிந்துஸ்தானி, குர்ஜரர், வங்காளி, திராவிடர் என்று நான்கு இனங்களாக்கினார்கள். கேம்பைன்கள் மூன்று: பாபர், தேவபாலர், ராஜேந்திர சோழன். தமிழ்க்காரன் எதை முதலில் திறப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

திறந்தால் முதலில் ஏமாற்றம்தான். இந்த கேமில் பாதிப் பேர் ஜெயிப்பதே 'நைட்' எனப்படும் கவசக் குதிரை வீரனை நம்பித்தான். திராவிடர்களுக்கு அவன் கிடையாது. யானை உண்டு, ஆனால் அது நகர்ந்து போய்ச் சேர்வதற்குள் எதிரி வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவான். ஆக, காலாட்படையை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். பாரக்ஸில் செய்யும் மேம்பாடுகள் பாதி விலை, ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இலவசம், ஸ்கர்மிஷர்களின் வேகமான ஈட்டி வீச்சு: இந்தச் சின்னச் சின்னச் சலுகைகள்தான் கையிருப்பு. இவை எவ்வளவு தூரம் தாங்கும் என்று எதிரிகளான சாளுக்கியர் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஹார்ட் லெவல். என் படை வரைபடத்தின் மறுகோடியில் ஒரு கோட்டையை இடித்துக்கொண்டிருந்தது. ஊரில் இருந்தது விவசாயிகளும் நாலைந்து ஸ்கர்மிஷர்களும்தான். அந்த நேரம் பார்த்து வடக்கு மதிலில் கவச யானைகள் முட்டின. மதிலை உடைப்பதற்கென்றே பிறந்த ஜாதி அது. பழைய கேமில் இடிமரம் செய்த வேலையை இந்திய இனங்களுக்கு இதுதான் செய்கிறது. மணியடித்து விவசாயிகளை டவுன் சென்டருக்குள் ஓடவிட்டேன். உள்ளே ஆள் ஏற ஏற அம்பு மழை கூடும். ஆனால் கவச யானைக்கு அம்பு பட்டால் கொசு கடித்த மாதிரி.

டவுன் சென்டருக்கு 2,400 உயிர்ப்புள்ளி. அது ஆயிரமாகி, ஐந்நூறாகி இறங்கியது. இதில் கொடுமை என்னவென்றால், இம்பீரியல் யுகத்துக்கான ஆராய்ச்சி அதே கட்டடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கட்டடம் விழுந்தால் கொட்டிய தங்கமும் உணவும் போச்சு. மரக் கையிருப்பு பூஜ்யம். மரம் இல்லாமல் ஈட்டிக்காரன் இல்லை, ஈட்டிக்காரன் இல்லாமல் யானையை நிறுத்த வழியே இல்லை.

உயிர்ப்புள்ளி நூறைத் தொடும்போது யுகம் ஏறியது. திராவிடர் சலுகையில் 200 மரம் வந்து விழுந்தது. ஓர் ஈட்டிக்காரனுக்கு 25 மரம், 35 உணவு; எட்டுப் பேருக்குச் சரியாக இருந்தது. பாரக்ஸிலிருந்து ஒவ்வொருவனாக வெளியே வந்து யானையின் பக்கவாட்டில் குத்த, முதல் யானை சாய்ந்தது, இரண்டாவதும் சாய்ந்தது. மிச்சத்தை முடிக்கும்வரை டவுன் சென்டர் தாங்கியது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அறைத்தோழனுக்கு முகம் விழுந்துவிட்டது. அவன் பீதர் மாவட்டத்துக்காரன். சாளுக்கியரின் பிற்காலத் தலைநகரான கல்யாணி, இன்றைய பசவகல்யாண், அவன் ஊர்ப் பக்கம்தான். "நம்ம சாளுக்கியரு" என்று அதுவரை கைதட்டிக்கொண்டிருந்தான்.

இந்தக் கேம்பைனின் பலமே இதுதான். ஓர் இனத்துக்குக் கொடுத்த அற்பச் சலுகையும் நெருக்கடியில் உயிர் காக்கும்படி கணக்குப் போட்டு அமைத்திருக்கிறார்கள். இம்பீரியல் யுகத்தில் 'ஊட்ஸ் ஸ்டீல்' ஆராய்ச்சியை முடித்தால் நம் காலாட்படையின் வெட்டுக்கு எதிரியின் கவசம் கணக்கிலேயே வராது. தென்னிந்திய உருக்கின் பெயரை வைத்து அப்படியொரு ஆயுதம் தந்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். உருமி வாள்வீரனும் திரிசடைக் கப்பலும் அழகு. கதவுப் பக்கம் யானைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதுதான் எரிச்சல். நகரச் சொன்னால் திசை தெரியாமல் சுற்றுகின்றன.

பெங்களூரில் உட்கார்ந்து இதை ஆடுவதில் ஒரு கூடுதல் ருசி உண்டு. இங்குள்ள டொம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அந்த ஊரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் சொல்கின்றன. கோலாரின் கோலாரம்மா கோயிலில் ராஜேந்திரன் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ராஜேந்திரன் 1014-இல் தனியாட்சிக்கு வரும் முன்பே கங்கரின் தலைக்காடு சோழர் கைக்கு வந்துவிட்டது. திரையில் தெரியும் எல்லைச் சண்டை இந்த மண்ணில் நடந்ததுதான். வார இறுதியில் கோலாருக்கு ஒரு நடை போய்வரலாம். டிராஃபிக்கைத் தாண்டிவிட்டால் அதிக தூரமில்லை.

வரலாறு தெரிந்தவர்களுக்குக் குறை தெரியும். கங்கைப் படையெடுப்பு, 1025-இன் ஸ்ரீவிஜயக் கடற்போர் என்று ஆண்டுக்கணக்கில் நடந்ததை ஒருசில கட்டங்களுக்குள் அடக்கியிருக்கிறார்கள். கேமுக்கு அது போதும். எனக்குள்ள மனக்குறை வேறு. திராவிடப் படைவீரன் தமிழில்தான் பதில் சொல்கிறான், கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மெனுவைத் தமிழில் வைக்க வழியில்லை, ஹிந்தியில் வைக்கலாம். சோழனைத் தலைவனாக்கிவிட்டு அவன் மொழியை மெனுவில் சேர்க்காமல் விட்டது நியாயமில்லை. தயாரிப்பாளர்கள் இதைச் சரிசெய்ய வேண்டும்.

சாதாரண லேப்டாப் போதும், தனி கிராபிக்ஸ் கார்டைத் தேடி அலைய வேண்டாம். உயர்தரப் படத் தொகுப்பை மட்டும் இறக்காமல் விடுங்கள். அடிப்படை கேம் இல்லாமல் இந்தக் கூடுதல் பகுதி ஓடாது. ஸ்டீமில் சலுகை வரும்போது இரண்டையும் சேர்த்து வாங்குவது லாபம். புதியவர்கள் ஸ்டாண்டர்ட் லெவலில் தொடங்குங்கள். பழகியவர்கள் ஹார்டில் தாராளமாக இறங்கலாம், கொடுத்த காசுக்கு மேல் திருப்பித் தருகிறது.