ஒரே குழாய், இரண்டு கரைகள்

தென்தமிழ்நாட்டு அம்மன் கொடையிலும் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாவிலும் ஊரைக் கூட்டியது ஒரே கருவி: வாய் விரிந்த அலுமினியக் குழாய் ஒலிபெருக்கி. நாதஸ்வரக்காரர், வில்லிசைப் புலவர், நாடக நடிகர், மெல்லிசைக் குழுப் பாடகர் என்று அந்தக் குழாயை நம்பித் தொழில் செய்த தலைமுறை இரு கரையிலும் இன்னும் இருக்கிறது. இன்றைய பெட்டி ஸ்பீக்கர்களின் முழக்கத்தைவிடப் பழைய குழாயின் ஓசையே பாட்டுக்குப் பொருந்தியது என்று அவர்கள் சொல்லும்போது, வயதானவர்களின் பழமைப் பற்று என்று தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ளக்கூடாது. குழாய் ஒரு பாடும் முறையை வளர்த்தது, கேட்கும் முறையையும் வளர்த்தது. தமிழ்நாட்டில் அது ஒரு விதமாகவும் யாழ்ப்பாணத்தில் வேறு விதமாகவும் நடந்தது.

குழாயின் இயல்பு

குழாயின் அடியில் திருகி மாட்டும் உருண்டைப் பாகத்தை மைக் செட்காரர்கள் யூனிட் என்பார்கள். அதற்குள் இருக்கும் சிறிய தகடு அதிர்ந்து, குறுகிய தொண்டை வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளும். தொண்டையிலிருந்து வாய்வரை குழாய் சிறிது சிறிதாக விரிந்துகொண்டே போவதால், அந்த அழுத்தம் வீணாகாமல் வெளிக்காற்றில் சேர்கிறது. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் தனக்குக் கிடைக்கும் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கு அளவைத்தான் ஒலியாக்கும். நல்ல குழாய் பத்துப் பங்குக்கு மேல் ஆக்கிவிடும். 30 வாட் யூனிட் ஒன்று வயல்வெளி தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்டது இதனால்தான். 12 வோல்ட் கார் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபையரே போதும் என்பதால், மின்கம்பம் எட்டிப்பார்க்காத ஊரிலும் பாட்டுக் கேட்டது.

அடித்தட்டு ஓசை மட்டும் குழாய்க்கு வசப்படாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அதைச் சரியாக வெளியேற்றக் குழாயின் வாய் ஒரு மீட்டருக்கு மேல் அகன்றிருக்க வேண்டும். மரத்தில் கட்டும் குழாய்க்கு அரை மீட்டர் வாய் இருந்தாலே பெரிது. அதனால் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெலிந்துபோகும். மேலே 5,000, 6,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நடுவில் மிஞ்சுவதோ மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி. வல்லினங்கள் பிசிறில்லாமல் விழுவதும் அங்கேதான். ஆண்குரலின் அடிநாதமான 120 ஹெர்ட்ஸ் குழாயில் வராவிட்டாலும், அதன் மேலடுக்கு அதிர்வுகளை வைத்துக் காதே அதை நிரப்பிக்கொள்ளும்.

தவிலின் இடப்பக்கமான தொப்பியும் வில்லுப்பாட்டுக் குடத்தின் ஆழ்ந்த ஓசையும் குழாயில் தேய்ந்துபோயின. நாதஸ்வரம், ஹார்மோனியம், உடுக்கை, ஜால்ரா, தவிலின் வலந்தலை, உச்சஸ்தாயியில் நிற்கும் குரல் ஆகியவை சுடர்விட்டன. நம் திருவிழா மேடையின் கருவிகளில் பெரும்பாலானவை குழாய்க்கு ஏற்றவையாக அமைந்தது, நம் கலைஞர்களுக்குக் கிடைத்த நல்லூழ்.

வந்த வழி

இந்தியாவில் குழாய் அரசியல் மேடையோடு வளர்ந்தது. 1930களில் காங்கிரஸ் மாநாடுகளுக்குப் பம்பாயின் சிகாகோ ரேடியோ நிறுவனம் ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. 1940இல் தொடங்கிய டெல்லியின் அகுஜா நிறுவனம் ஆம்ப்ளிஃபையரையும் குழாயையும் யூனிட்டையும் உள்நாட்டிலேயே செய்தது. 1954 முதல் 1963 வரையிலான காமராஜர் ஆட்சியில் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு மின்சாரம் வேகமாகப் பரவியது. இவையெல்லாம் சேர்ந்து சவுண்ட் சர்வீஸ் என்பதை ஒரு சிற்றூர்த் தொழிலாக்கின. கொஞ்சம் கைமுதலும் மின்வேலையில் பழக்கமும் இருந்தவர் மைக் செட் வாங்கி வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம் என்ற நிலை வந்தது.

இலங்கையில் அப்படிப் பெரிய உள்நாட்டுத் தயாரிப்பு இல்லை. யாழ்ப்பாணத்து லவுட்ஸ்பீக்கர்காரரின் சாமான்களில் பெரும்பகுதி கப்பலில் வந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் இருப்பதைப் பழுதுபார்த்துக் காப்பாற்றுவதே வழி. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் ஜப்பானியக் கருவிகள் தாராளமாக வந்தன. ஆனால் போர் வருமுன் அந்தத் தாராளத்தை அனுபவிக்க யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்த காலம் மிகக் குறைவு.

இசைத்தட்டோடு போட்டி

தமிழ்நாட்டில் குழாய் கோயிலுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு என்று எந்த நல்ல காரியத்துக்கும் வீட்டு வாசலில் மூங்கில் நட்டுக் குழாய் கட்டினார்கள். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு, பிறகு படப்பாட்டு, இடையில் மொய் வாசிப்பு என்று அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. அடுத்து எந்தத் தட்டு என்று மைக் செட்காரர் எடுத்த முடிவுதான் ஊரின் ரசனை ஆனது. அந்த ரசனையில் கடல் கடந்து வந்த இலங்கை வானொலிக்கும் பெரிய பங்கு உண்டு. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் அறிவிப்பைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் அவை.

இதனால் தமிழ்நாட்டுக் கலைஞர் ஒரு கடினமான அளவுகோலுக்கு முன் நிற்க வேண்டியிருந்தது. பகலெல்லாம் டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் ஒலித்த அதே குழாயில், இரவு உள்ளூர் வில்லிசைக் குழுவோ நாடகக் குழுவோ ஒலித்தாக வேண்டும். கேட்பவர் காது இரண்டையும் ஒப்பிடாமல் இராது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடிய பாவலர் வரதராசனும், பின்னர் அவரோடு ஊர் ஊராகப் போன தம்பி இளையராஜாவும் பழகியது இப்படிப்பட்ட மேடைகளில்தான். திறந்த வெளியில் நிற்கும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருந்தது. வில்லுப்பாட்டைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்ற சுப்பு ஆறுமுகத்தின் பேச்சுத் தெளிவிலும் இந்தப் பண்பைக் கேட்கலாம்.

உபயகாரரின் இரவு

யாழ்ப்பாணத்திலும் படப்பாட்டு ஒலிக்காமல் இல்லை. ஆனால் அங்கே குழாயின் பெருமை திருவிழா இரவில் இருந்தது. ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு பகுதியாரின் உபயம். நேற்றைய உபயகாரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால், இன்றையவர் நான்கு பிடிப்பார். தமிழ்நாட்டிலிருந்தும் வித்துவான்களை வரவழைப்பார். விடிய விடிய மேளச்சமா என்னும் நாதஸ்வர, தவில் கச்சேரி நடக்கும். இந்தப் போட்டிதான் அளவெட்டி என். கே. பத்மநாதன் போன்ற நாதஸ்வர மேதையையும், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்ற தவில் மேதையையும் தாங்கி வளர்த்தது. தெட்சணாமூர்த்தியின் கையைத் தமிழ்நாட்டு வித்துவான்களே தேடி அழைத்தார்கள்.

தவிலுக்குக் குழாய் செய்த உதவியை இங்கே சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்து கேட்டால் தவில் ஒரு பெருமுழக்கம். தொப்பியின் அதிர்வு வலந்தலைச் சொற்களை மூடிவிடும். குழாய் தொப்பியை அடக்கிவிடுவதால், கூடு போட்ட விரல்களில் பிறக்கும் சொற்கள் தனித்தனியாகத் தெறித்து விழும். கோயிலுக்கு வர முடியாமல் தொலைவில் திண்ணையில் படுத்திருப்பவரும் தனித்தவிலின் கணக்கை விரலில் எண்ணிக்கொண்டே கேட்கலாம். யாழ்ப்பாணத்து ரசிகர் தவிலை இவ்வளவு நுட்பமாக விமரிசிக்கப் பழகியதில் அந்தக் குழாய்க்கும் பங்கு உண்டென்று நம்புகிறேன்.

அங்கே கலைஞருக்கு அளவுகோல் இசைத்தட்டு அன்று. அதே இரவில் எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொரு கூட்டம். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) மயான காண்டத்தில் அரிச்சந்திரனாகப் பாடியதும், சின்னமணி வில்லிசை சொன்னதும் இதே சூழலில்தான். சங்கரதாஸ் சுவாமிகள் மரபிலிருந்து கடல் கடந்து போன இசை நாடகம், யாழ்ப்பாணத்து மேடையில் ஊன்றி நின்று தன் சொந்த நடிகர்களைப் பெற்றது.

ஒரே மைக்கின் பயிற்சி

இரு கரைக் கலைஞர்களையும் ஒன்றாக்கியது மேடை நெருக்கடி. ஒரே மைக், அல்லது மிஞ்சினால் இரண்டு. பாடகரும் ஹார்மோனியமும் மிருதங்கமும் அதையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இன்று ஒலிப்பொறியாளர் விரல் நுனியில் செய்வதை அன்று கலைஞர் காலால் செய்தார். பல்லவிக்கு ஓரடி முன்னே வருவது, உச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வது, பின்பாட்டுக்காரர் எங்கே நின்றால் குரல் கலக்கும் என்று இடம் பார்ப்பது எல்லாம் தொழிலின் பாடங்கள். மைக் கத்தத் தொடங்கினால் எந்தப் பக்கம் விலகுவது என்பதும் அதில் அடக்கம்.

இதைவிடக் கடினமானது தாளம். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். தெருக்கோடியில் 170 மீட்டர் தொலைவில் கட்டிய குழாயிலிருந்து பாடகரின் குரல் அவருக்கே அரை விநாடி கழித்துத் திரும்பி வரும். அதைக் காதில் வாங்கினால் தாளம் போய்விடும். வாங்காமல், கையையும் பக்கவாத்தியத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பாடியவர்கள் அவர்கள். அந்தக் காலப்பிரமாண உறுதியை எந்தப் பாடசாலையும் தந்துவிட முடியாது.

சுருதி விஷயமும் கவனிக்கத்தக்கது. சபா அரங்கங்களில் மைக் வந்ததும் கச்சேரிப் பாடகர்களின் சுருதி மெல்ல இறங்கியது. தொண்டையை வருத்த வேண்டிய தேவை இல்லாமல் போனது. குழாய் மேடையில் அந்தச் சலுகை இல்லை. கீழ்ஸ்தாயியில் பாடினால் குழாய் அதை ஊருக்குக் கொண்டுபோகாது. அதனால் நாடக மேடையும் வில்லிசையும் உயர்ந்த கட்டையையே பிடித்து நின்றன. ஒரே மின்கருவி, சபாவில் குரலைத் தாழ்த்தியது, கோயில் வெளியில் குரலை உயரத்தில் நிறுத்தியது. இந்த வேறுபாட்டை நம் இசை வரலாறு இன்னும் போதிய அளவு பேசவில்லை.

ஓய்ந்த விதம்

தமிழ்நாட்டில் குழாய் மெல்ல மெல்லப் போனது. பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளி ஒலிபெருக்கியைத் தடுத்தன. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. காவல்துறை அனுமதியில் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு இடமில்லை. பெட்டி வடிவம் மட்டுமே. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் நோயில் படுத்திருப்பவரும் பட்ட பாட்டை நினைத்தால், நேரக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்தில் குழாயை முதலில் நிறுத்தியது போர். 1990இல் காங்கேசன்துறை, மாவிட்டபுரம் உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். குடாநாட்டில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. எரிபொருளும் பற்றரியும் தடைப்பொருள்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்கள், லைட் எஞ்சினுக்கு எண்ணெய் தேடித்தான் திருவிழா நடத்த வேண்டியிருந்தது. கலைஞர்கள் வன்னிக்கும் கொழும்புக்கும் கடல் கடந்தும் சிதறினார்கள். அதன்பின் 2007 நவம்பரில், வெலிகமவில் ஒரு பள்ளிவாசல் தொடர்பான வழக்கில், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான இலங்கை உயர் நீதிமன்றமும் இரவு 10 முதல் காலை 6 வரை என்ற அதே எல்லையை வகுத்தது.

இரண்டு இழப்பும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் குழாய் போனபோது கலைஞர்கள் ஊரில் இருந்தார்கள். புதுக் கருவிக்கு மாறிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் கருவியும் கலைஞரும் கேட்பவரும் ஒன்றாகக் கலைந்தார்கள். அதனால் அங்கே பழைய குழாயை நினைப்பது கலைந்துபோன ஒரு சபையை நினைப்பதாகிறது.

எதைக் காப்பது

மரத்துக்கு மரம் குழாய் கட்டி விடிய விடிய முழங்கும் காலம் திரும்ப வேண்டியதில்லை. காக்க வேண்டியது அது வளர்த்த திறமை. தமிழ்நாட்டு அரசு இசைப் பள்ளிகளும் யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று அறியப்பட்ட நிறுவனமும் ஒரே மைக்கின் முன் குழுவாக நின்று பாடும் முறையை ஒரு பாடமாக வைக்கலாம். அதைக் கற்றுத்தரக்கூடிய மூத்த வில்லிசைக்காரர்களும் நாடகக்காரர்களும் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். சவுண்ட் சர்வீஸ்காரர்களின் அனுபவங்களையும் இரு கரையிலும் பதிவு செய்ய வேண்டும். எந்தக் கோயிலில் எங்கே கட்டினால் குரல் தெளியும் என்று அறிந்தவர்கள் அவர்களே.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாலை 6 முதல் 10 வரை சட்டம் இடம் தருகிறது. அந்த நேரத்தில் மார்பை அதிரவைக்கும் பேஸ் பெட்டிகளை ஒருநாள் நிறுத்திவிட்டு, ஒரு மைக்கும் அளவான ஒலியும் மட்டும் வைத்து ஒரு வில்லிசையோ மயான காண்டமோ நடத்திப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு யாழ்ப்பாணத்தின் மேளச்சமாக் கேள்வியறிவு தேவை. யாழ்ப்பாணத்துக்குத் தமிழ்நாட்டில் தொடர்ந்து இருந்துவரும் கலைஞர் கூட்டத்தின் துணை தேவை. இரண்டும் சேர்ந்தால், சொல் தெளியப் பாடும் கலை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.